பேர் தெரியாத படம்

கொழிஞ்சாம்பாறை
24-1-1974

அன்புள்ள தங்கச்சி பழனாத்தாளுக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரி, உன் நங்கை கமலாத்தாளும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே மாமா, அத்தை, மாப்பிள்ளை கருப்புசாமி, நீ எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? மறையூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்தபோது உன்னோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. பாயசம் கொண்டுவரச் சொல்ல ஒரு தடவை அடுப்படிக்குப் போனதைத் தவிர மாப்பிள்ளை என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. நாற்காலியை எழுந்து கொடுத்தார், கைகழுவ வெந்நீர் எடுத்துக் கொடுத்தார். பீடி கிடையாது, குடி கிடையாது, அதிர்ந்து ஒரு பேச்சு கிடையாது. அப்பாவும் அம்மாவும் இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பாயசம் அருமை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ எனக்கு இடது கையால் பாயசம் ஊற்றினாய். நான் கவனித்துவிட்டேன். நம் வீட்டில் எப்படியோ போகட்டும், சம்பந்தி வீட்டில் அதையெல்லாம் பார்ப்பார்கள். மாற்றிக்கொள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நம் பக்கத்துச் சித்தூரில் 'புறப்பட்டாள் பூங்கோதை' பார்த்தேன். கோயமுத்தூரில் ஓடி, பொள்ளாச்சியில் ஓடி, நைந்துபோய் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. வராமலே இருந்திருக்கலாம். புருசன் ஒரே ஒரு அறை விடுகிறான். அதுவும் ஏதோ கோபத்தில். உடனே அந்தப் பூங்கோதை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிடுகிறாள். இடைவேளை விடுகிறார்கள். அதற்கப்புறம் அவள் டைப் அடிக்கிறாளாம், தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாளாம், கூட்டம் கைதட்டுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, இதுக்கா காசு வாங்கினீங்க என்று கத்தினேன். பின்னாலிருந்தவன் தலை மறைக்குது உட்காருங்க என்றான்.

நாம் சின்ன வயதில் டெண்டுக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தோமே 'சதி சுகந்தவல்லி', அது படம். புருசன் கிணற்றில் தள்ளிவிடுகிறான். அவள் ஏறி வந்து ஈரச்சேலையோடு அவன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள். கொட்டகையில் அழாத பொம்பளை உண்டா? நீகூட என் மடியில் படுத்து அழுதாய். அந்தப் பொறுமை இருந்ததால் அது படம். இது வெறும் பிலிம் சுருள்.

என் கூட்டாளி குஞ்சு முகம்மதுவோடு சண்டையே வந்துவிட்டது. அவன் மளிகைக் கடைச் சுவரில் போஸ்டர் ஒட்டவிட்டு எல்லாக் கொட்டகைக்கும் ஓசிப் பாஸ் வாங்கிவிடுகிறான். ஓசியில் பார்ப்பவனுக்கு எல்லாப் படமும் நல்ல படம்தான். அவனுக்குப் பூங்கோதை பிடித்திருக்கிறதாம்.

என் கடிதங்களை மாமா எல்லாரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படிக்கிறார் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது. மாமாவுக்கு என் கும்பிடு. மாமா, இந்தக் காலத்துப் படங்களைப் பற்றி நான் சொல்வது சரிதானே?

உன் அண்ணன்,
பொங்கியண்ணன்


மறையூர்
13-2-1974

அண்ணனுக்கும் நங்கைக்கும் பழனாத்தாள் எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும். செவலைப் பசு கன்று போட்டுவிட்டதா?

உங்கள் கடிதம் வந்தது. மாமா விளக்கடியில் உட்கார்ந்து படித்தார். சுகந்தவல்லி கிணற்றிலிருந்து ஏறி வரும் இடத்தை இரண்டாம் முறையும் படித்தார். உன்ற அண்ணன் தங்கமான மனுசன், பொண்ணுகளுக்குப் புத்தி சொல்லத் தெரிஞ்சவன் என்று அத்தை சொன்னார். உங்கள் மாப்பிள்ளை, கேட்டியா என்று மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டேன் என்றேன்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கரும்பாலை ஓடுகிற சமயம். வலது கையில் பாகு தெறித்துவிட்டது. ஆறிவருகிறது. பாயசம் ஊற்றியதை இனி கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். சுகந்தவல்லிக்குப் பிறந்த வீடு என்று ஒன்று படத்தில் வருமா? அண்ணன் தம்பி யாராவது உண்டா? எனக்கு அது மட்டும் ஞாபகம் இல்லை. உங்களுக்கு எல்லாப் படமும் நினைவிருக்குமே, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
பழனாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
2-3-1974

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே வெயில் ஏறிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. மற்றபடி குறையில்லை. செவலை கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. கைக்குக் கற்றாழைச் சோறு வைத்துக் கட்டு என்று உன் நங்கை சொல்கிறாள். பாகுக் கொப்பரைப் பக்கம் பார்த்து நிற்க வேண்டாமா? சின்னப் பிள்ளையா நீ?

சுகந்தவல்லிக்குப் பிறந்த வீடா? இது என்ன கேள்வி? பத்தினியின் கதையில் பிறந்த வீடு எதற்கு வரும்? கல்யாணக் காட்சியில் அப்பாவாக ஒரு தாடிக்காரர் வந்து நாலு சொட்டுக் கண்ணீர் விடுவார், அதோடு சரி. படத்துக்குத் தேவையில்லாததை எடுக்கவில்லை, அதனால்தான் அது நல்ல படம்.

நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் இப்போது எடுக்கிறவர்கள்மேல்தான். போன வாரம் பாலக்காட்டில் ஒரு ராஜா படம். ராஜா வாளை உருவிக் கையை உயர்த்துகிறார், மணிக்கட்டில் கடியாரம் கட்டின தழும்பு வெள்ளையாகத் தெரிகிறது. அடுத்த காட்சியில் கடியாரமே தெரிகிறது! ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். படத்தை நானா எடுத்தேன் என்று கேட்டார். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது பழனா. கதாநாயகி இந்தக் காட்சியில் சிவப்பு வளையல், அடுத்த காட்சியில் பச்சை வளையல் என்றால் அங்கேயே பிடித்துவிடுவேன்.

குஞ்சு முகம்மது என்னை ஒரு மலையாளப் படத்துக்கும் இழுத்துக்கொண்டு போனான். ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழை பெய்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை. நான் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் அப்போதும் அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். இவன் கண்ணைத் துடைக்கிறான். "ஏம்ப்பா, அவ பேசாம இருக்கறதுதான் கதை" என்கிறான். பேசாமல் இருப்பதைப் பார்க்க நான் எதற்குப் பாலக்காடு வரைக்கும் போக வேண்டும், நீயே சொல்.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

பொங்கியண்ணன்


மறையூர்
5-4-1974

அண்ணனுக்கும் நங்கைக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். கை ஆறிவிட்டது. கன்றுக்கு என்ன பேர் வைத்தீர்கள்?

இங்கே கரும்பு வெட்ட வரும் மூக்கம்மாள் என்று ஒருத்தி என்னோடு பிரியமாக இருக்கிறாள். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன். அவள் மூணாறில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொன்னாள். உங்களிடம் சொல்லி, நல்ல படமா இல்லையா என்று கேட்க நினைத்தேன். மூக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் படத்தின் பேர் தெரியவில்லை.

ஒரு பங்களா. புருசன் இன்ஜினீயர். ஊரே அவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. யார் வந்தாலும் எழுந்து நாற்காலி கொடுப்பான். ஆள் போனதும் கதவைச் சாத்துவான். அவ்வளவுதான் கதை. சாத்தின பிறகு நடப்பதைச் சத்தமில்லாமல் செய்வான். அவளும் சத்தம் போடமாட்டாள். ஏனென்றால் சத்தம் போட்டால் அன்றைக்கு இன்னும் நேரமாகும். கீழ்வீட்டில் மாமியார் இருக்கிறாள். காலையில் அவளே மஞ்சள் அரைத்துக் கொடுத்து, காயத்தில் வைத்துக்கொள் என்பாள். எதனால் காயம் என்று கேட்கமாட்டாள்.

ஒரு நாள் வீட்டில் விருந்து. அவள் அடுப்படியில் சிரித்துவிடுகிறாள். எதற்குச் சிரித்தாள் என்று படத்தில் காட்டவில்லையாம். பிறந்த ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிற சந்தோசமாக இருக்கலாம். அவன் உள்ளே வந்து, கொதிக்கிற பால் பாத்திரத்தின்மேல் அவள் கையை வைத்து அழுத்துகிறான். அப்போதும் அவன் முகத்தில் கோபம் இல்லை என்றாள் மூக்கம்மாள்.

இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறாள். இந்தப் படம் எப்படி முடிந்தால் சரியாக இருக்கும் அண்ணா? நீங்கள் யோசித்து எழுதினால் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. இங்கே எனக்கு வருகிற கடிதத்தை மாமா எப்போதும்போல் எல்லாருக்கும் படித்துக்காட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும்.

பழனாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
12-4-1974

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். எல்லாரும் நலம். கன்றுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. சித்திரைக் கனிக்கு நீ இங்கே இல்லையே என்று உன் நங்கைக்கு வருத்தம்.

இந்தப் படத்தை எடுத்தவன் யார்? அவன் என் கையில் கிடைக்க வேண்டும். படம் எடுக்கத் தெரியாதவனெல்லாம் காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்!

முதலில் அந்தப் புருசன். வில்லன் என்றால் ஒரு மீசை வேண்டாமா? கையில் பாட்டில், கண்ணில் சிவப்பு, வாயில் ஒரு சிரிப்பு, ஏதாவது ஒன்று வேண்டாமா? வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலி எடுத்துக் கொடுக்கிறவனை வில்லன் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? தப்பான ஆளைப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது அந்தப் பெண். வாய் இல்லையா அவளுக்கு? கையை வேகவைக்கிறான், சும்மா நிற்கிறாளாம். விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் அறையில்தானே இருக்கிறார்கள்? ஒரு கத்துக் கத்தினால் போதாதா? நம் பக்கத்துப் பெண் எவளாவது இப்படி இருப்பாளா? நீயாக இருந்தால் ஒரு நாள் இருப்பாயா? பெண்களை இப்படிக் கேவலப்படுத்துகிற படத்தை மூணாறில் ஓடவிட்டவனைச் சொல்ல வேண்டும்.

அந்த மாமியார் மஞ்சள் அரைத்துக் கொடுக்கிறாளாமே, அவளைத்தான் எனக்குப் புருசனைவிடப் பிடிக்கவில்லை.

முடிவு கேட்டாய். புருசன் லாரியில் அடிபட வேண்டும், இல்லையென்றால் போலீஸ் வர வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குப் பிறந்த வீட்டில் யாருமே இல்லையா? ஒரு அண்ணன் வேசம்கூடப் போடவில்லையா? மூக்கம்மாளைக் கேட்டு எழுது. மாமாவுக்கு என் வணக்கம். மாமா, நீங்களே சொல்லுங்கள், இப்படி ஒரு குடும்பம் எங்காவது இருக்குமா?

பொங்கியண்ணன்


மறையூர்
6-5-1974

அண்ணனுக்கு,

நங்கையைக் கேட்டதாகச் சொல்லவும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தை மாமா நல்ல குரலில் படித்தார். வில்லனுக்கு மீசை வேண்டாமா என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் பேச்சு வந்ததும் அத்தை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உங்கள் மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. நல்ல கதையா இருக்குதே, யார் சொன்னது என்று கேட்டார். மூக்கம்மாள் என்றேன்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் மூக்கம்மாளிடம் விசாரித்தேன். அவன் வில்லன் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரியாதாம். அதுதான் படமாம்.

நம் பக்கத்துப் பெண் இப்படி இருப்பாளா என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்ன சுகந்தவல்லி இருக்கவில்லையா அண்ணா?

பிறந்த வீடு உண்டு. அப்பா அம்மா இல்லை. ஒரு அண்ணன் இருக்கிறான். ஒரே ஒரு காட்சியில் வருகிறான். விருந்துக்கு வந்தவன் அவன்தான். உள்ளே கை வேகும்போது அவன் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு அவளே வந்து அவனுக்குப் பரிமாறுகிறாள். சாப்பாடு அருமை என்று சொல்லிவிட்டுப் போகிறான். நல்ல அண்ணன்தானாம். தங்கச்சிமேல் பாசம் உள்ளவன். ஊரிலிருந்து கடிதம் போடுவான். படத்தில் அவனுக்கு அவ்வளவுதான் வேலை.

இனி எழுதும்போது கொஞ்சமாக எழுதுங்கள். மாமாவுக்குக் கண் வலிக்கிறது.

பழனாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
15-5-1974

பழனாத்தாளுக்கு,

நாங்கள் சௌக்கியம். மாமாவின் கண்ணுக்கு நந்தியாவட்டைப் பூவை நனைத்து வைக்கச் சொல். கொஞ்சமாக எழுத எனக்கு வராது, மாமா மன்னிக்க வேண்டும்.

அந்த அண்ணனைச் செருப்பால் அடிக்க வேண்டும்! இத்தனை வருசத்தில் எத்தனையோ கேடுகெட்ட பாத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கடத்துகிறவன், சொத்துக்கு விசம் வைக்கிறவன், எல்லாரையும் பார்த்தாயிற்று. இவனைப்போல் ஒருத்தனைப் பார்த்ததில்லை. கை வெந்தவள் எப்படிப் பரிமாறுவாள்? இடது கையால்தானே ஊற்றியாக வேண்டும்? எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அது தெரியாதா? அவன் என்ன மரக்கட்டையா? கண் எங்கே போயிற்று? சரி, பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள். கடிதம் போடுகிறானாமே, அதில் என்னத்தை எழுதுகிறான்? ஊர்க்கதையா? தூ.

சுகந்தவல்லியை இதில் இழுக்காதே. அது புராணம். அவளுக்குச் சாமி வந்து காப்பாற்றும் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். இவளுக்கு யார் வருவார்? அந்த மரக்கட்டை அண்ணன் வர வேண்டும். அவன் போய்க் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வந்தால் படம் முடிந்தது. வேறு முடிவே கிடையாது. லாரி, போலீஸ் என்று நான் முன்னால் எழுதியது தப்பு.

இந்தப் படத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. குஞ்சு முகம்மதுவிடம் கேட்டேன். இப்படி ஒரு போஸ்டர் தன் சுவருக்கு வந்ததே இல்லை என்கிறான். பொள்ளாச்சியில் கேட்டேன், பாலக்காட்டில் கேட்டேன், எவனுக்கும் தெரியவில்லை. மாப்பிள்ளை வெல்லம் போட மூணாறு போவாரே, அங்கே எந்தக் கொட்டகையில் இந்தப் படம் ஓடியது, பேர் என்ன என்று விசாரித்துவரச் சொல். மாப்பிள்ளை, இது என் வேண்டுகோள். உங்களுக்குச் சினிமா பிடிக்காது என்று தெரியும். மைத்துனனுக்காக இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

பொங்கியண்ணன்


மறையூர்
14-6-1974

அண்ணனுக்கு,

அவர் மூணாறில் எல்லா இடத்திலும் விசாரித்தார். அப்படி ஒரு படம் ஓடவில்லை.

மூக்கம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் போகிற வழியில் இந்தக் கார்டைப் போடுவாள். இனி என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் தேடாதீர்கள். படத்தைப் பற்றி எழுத வேண்டாம். மிச்சக் கதை மூக்கம்மாளுக்கும் தெரியாது. இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டாளாம்.

இந்த ஆடிக்கு என்னை அனுப்புவதாக இல்லை. நான் சௌக்கியம். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து புரியாவிட்டால் நங்கையைப் படிக்கச் சொல்லுங்கள்.

பழனாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
5-7-1974

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்குப் பொங்கியண்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

தாங்களும் அத்தையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே அனைவரும் சௌக்கியம்.

பழனாத்தாளுக்கு இது தலை ஆடி. பெண்ணை ஆடி பிறப்பதற்கு முன் பிறந்த வீட்டுக்கு அழைத்துவருவது நம் இரண்டு குடும்பத்துக்கும் வழக்கம். வேலை மும்முரத்தில் இந்த வருசம் வேண்டாம் என்று தாங்கள் நினைத்திருக்கலாம். எங்கள் பங்காளிகளுக்கெல்லாம் நான் சொல்லிவிட்டேன். அதனால் வரும் வெள்ளிக்கிழமை நானும் கமலாத்தாளும், எங்கள் பெரியப்பாவும், பங்காளிகள் நாலு பேரும் சீர்த்தட்டோடு வருகிறோம். மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்திருக்கிறது. உடுமலைப்பேட்டை வரை பஸ்ஸில் வந்து அங்கிருந்து கார் வைத்துக்கொள்கிறோம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரை உங்கள் வாசலுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறேன். அழைப்புக்கு வந்தவர்களைத் தட்டோடு திருப்பி அனுப்பினார்கள் என்ற பேர் தங்கள் வீட்டுக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

பழனாத்தாளுக்கு ஒரு வரி. 'சதி சுகந்தவல்லி'யைச் சித்தூரில் மறுபடியும் போட்டார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

தங்கள் அன்புள்ள,
பொங்கியண்ணன்


கொழிஞ்சாம்பாறை
22-7-1974

மாமாவுக்கு,

நீங்கள் சுகமா என்று இந்தமுறை கேட்கவில்லை. எங்கள் சுகத்தை மட்டும் எழுதுகிறேன். பழனாத்தாள் சாப்பிடுகிறாள். பகலில்கூடத் தூங்குகிறாள். யாராவது கதவைச் சாத்தினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால் நாங்கள் எந்தக் கதவையும் சாத்துவதில்லை.

என் கடிதங்களை எப்படிப் படிப்பீர்களோ இதையும் அப்படியே படிக்க வேண்டும். விளக்கை ஏற்றுங்கள். அத்தையை அடுப்படியிலிருந்து கூப்பிடுங்கள். மாப்பிள்ளையை எதிரில் உட்காரவையுங்கள். சத்தமாகப் படியுங்கள். உங்களுக்குக் கண் வலி இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

அன்றைக்கு அவளை அழைக்க வந்தபோது மாப்பிள்ளை மறுபடியும் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். நான் உட்காரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மெதுவான குரலில், ஆடி முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கறேனுங்க மச்சான் என்றார். நல்ல நடிப்பு. இத்தனை வருசம் சினிமா பார்க்கிறேன், இவ்வளவு நல்ல நடிப்பை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. மீசை வேண்டும், பாட்டில் வேண்டும் என்று எழுதிய மடையன் நான். அத்தை வழிக்குக் கட்டிக்கொடுத்த பொட்டலத்தில் மஞ்சள் இருந்தது. அதை உடுமலைப்பேட்டை வருவதற்குள் காருக்கு வெளியே எறிந்துவிட்டோம்.

அந்தக் கார்டு வந்த அன்றைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. படமே இல்லையாம், அந்தப் பொம்பளை என்னமாய்ப் புளுகியிருக்கிறாள் என்று கமலாத்தாளிடம் கத்திக்கொண்டிருந்தேன். அவள் படம் பார்க்கிறவள் இல்லை. அதுவரை வந்த கடிதங்களையெல்லாம் எடுத்து என் முன்னால் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"ஏனுங்க, ராசா கையில கடியாரம் கட்டியிருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுது. நம்ம அம்மிணி எழுத்து மாறிப்போனது தெரியலீங்களா?"

கடிதங்களை முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். எந்த அண்ணனைச் செருப்பால் அடிக்கச் சொன்னேனோ அவன் பாயசம் அருமை என்று எழுதியிருக்கிறான். இடது கையால் ஊற்றினாய், மாற்றிக்கொள் என்றும் எழுதியிருக்கிறான். அந்தக் கடிதத்தை உங்கள் வீட்டில் நீங்கள் விளக்கடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்திருக்கிறீர்கள், அவள் நின்று கேட்டிருக்கிறாள்.

காரில் வரும்போது கேட்டேன், ஒரு வரி நேராக எழுதியிருக்கக் கூடாதா கண்ணு என்று.

"நேரா எழுதுனா நீங்க நேரா பதில் எழுதுவீங்க. அதை மாமா படிப்பாருங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "அதுவுமில்லாம, பொறுமையா இருக்கறவளைத்தான உங்களுக்குப் புடிக்கும்" என்றாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு கையையும் காட்டினோம். வலது கை விரல்கள் முழுதாக மடங்காது என்கிறார் டாக்டர். அவர் எழுதிக் கொடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆடி முடிந்து ஆவணி வரும், மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வருவார். வரட்டும். நாற்காலி போட மாட்டேன். எங்கள் பங்காளிகள் அத்தனை பேரையும் வாசலில் உட்காரவைத்து, அவர் நடித்த படத்தின் கதையை அவருக்கே சத்தமாகப் படித்துக்காட்டுவேன். பழனாத்தாள் வரமாட்டாள். எனக்கு ஊரில் என்ன பேர் வந்தாலும் சரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாளே பூங்கோதை, அவளைப் பார்த்து நான் கத்தினது தப்பு. அது நல்ல படம்.

கீழே பழனாத்தாள் ஒரு செய்தி எழுத வேண்டுமாம். அதையும் படித்துவிடுங்கள்.

பொங்கியண்ணன்

மாமாவுக்குப் பழனாத்தாள் எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், நிறுத்திப் படியுங்கள். மூக்கம்மாளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவள் மூணாறு போனதே இல்லை, ஒரு படமும் பார்த்ததில்லை, என்னிடம் எந்தக் கதையும் சொன்னதில்லை. சொன்னது நான்.